ஓடுற வரைக்கும் ஓடட்டும்

அன்பு மக்கா,

நீ அனுப்பிய மூன்று ப்ரீஆம்ப்ளிஃபயர் படங்களும் வந்து சேர்ந்தன. மூன்றும் பாட்டுச் சத்தத்தைத் தூக்கக் கண்ணாடி வால்வு வைத்தவை, மூன்றில் எதை வாங்கலாம், நீ சொன்னால்தான் வாங்குவேன் என்று எழுதியிருக்கிறாய். சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு விஷயத்தை நேராகச் சொல்லிவிட வேண்டும். ஓணம் சமயத்தில் நான் போனில் "வால்வு போச்சு மக்கா, மாத்தணும்னு சொல்லுகாங்க" என்று சொன்னேனே, அது நம் வீட்டுப் பாட்டுச் செட்டின் வால்வு இல்லை. என் நெஞ்சுக்குள் இருக்கிற வால்வு. நீ ஒரு நொடிகூட யோசிக்காமல், "இப்ப எதுக்கும்மா மாத்தணும்? ஓடுற வரைக்கும் ஓடட்டும். பழைய வால்வுக்க சொகம் புதுசுல வராது" என்றாய். நான் சரி என்று போனை வைத்துவிட்டேன்.

இப்போது நீ போனை எடுப்பாய் என்று தெரியும். எடுக்காதே. முழுவதையும் வாசித்துவிட்டுக் கூப்பிடு, அதுவரைக்கும் நான் எடுக்க மாட்டேன், அப்பாவையும் எடுக்க விட மாட்டேன். போனில் சொன்னால் என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டோம். அதனால்தான் தாளில் எழுதி, அப்பாவைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அவர் விரலும் சேர்ந்து விழுந்திருந்தால் பொறுத்துக்கொள். ஷைனியையும் பக்கத்தில் உட்கார வைத்து வாசி. கல்யாணமாகி இன்னும் சமையலறைச் சாமான்கூட ஒழுங்காக வாங்கி முடிக்காத பிள்ளை, அவளை வீணாகப் பதற வைக்காதே.

நான் யார் என்று உனக்குத் தெரியும். நாகர்கோவில் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்போன் மாட்டியே காலம் தள்ளியவள். ட்ரங்க் கால் இருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். மஸ்கட்டில் இருப்பவன் சொல்வது குளச்சலில் இருப்பவளுக்குக் கேட்கவில்லை என்றால் நாங்கள்தான் நடுவில் நின்று வாங்கிச் சொல்லுவோம். பிள்ளை பிறந்ததும் எங்கள் வாய் வழியாகத்தான் போகும், ஆள் போனதும் எங்கள் வாய் வழியாகத்தான் போகும். சொல்லி முடித்ததும் "திருப்பிச் சொல்லுங்க" என்போம். அந்தப் பக்கம் அழுதுகொண்டிருந்தாலும் விடுவதில்லை, திருப்பிச் சொல்ல வைத்துவிட்டுத்தான் லைனை எடுப்போம். சேர்ந்த முதல் வாரமே சூப்பர்வைசர் அக்கா அதைச் சொல்லித்தான் என்னை நாறடித்தார். ஊருக்கெல்லாம் அப்படிச் செய்த நான், என் சொந்தச் சங்கதியைச் சொன்ன அன்று உன்னைத் திருப்பிச் சொல்ல வைக்கவில்லை.

உன்மேல் முழுக் குற்றமும் இல்லை. அதற்கு முன்னால் மாதக்கணக்காக நான் உன்னிடம் செட்டைப் பற்றியே புலம்பிக்கொண்டிருந்தேன். "செட்டுல ஒரு முனகல் கேக்குது மக்கா. பாட்டுக்கு அடியில கெடந்து வருது. ஒனக்க அப்பாவுக்குக் கேக்கல்ல, எனக்குக் கேக்குது" என்று சொல்லாத ஞாயிற்றுக்கிழமை இல்லை. வயரை மாற்று, எர்த்தைப் பார், வால்வைக் கழற்றி மாட்டு என்று நீயும் யோசனை சொல்லிக்கொண்டே இருந்தாய். அப்படி இருக்கும்போது திடீரென்று வால்வு போச்சு என்றால் நீ எதை நினைப்பாய்? செட்டைத்தான் நினைப்பாய். இது இப்போது புரிகிறது. அன்று புரியவில்லை. பெற்ற பிள்ளை இப்படிச் சொல்லிவிட்டானே என்று நெஞ்சு எரிந்தது. அதோடு இன்னொன்றும் இருந்தது, அதையும் மறைக்கவில்லை: எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. நெஞ்சை அறுக்க வேண்டாம் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்துக் கிடந்தேன், நீ சொன்னாய். அப்பா கேட்டபோது, "ஒங்க மோனே வேண்டாம்னுட்டான், பெறகு என்ன?" என்று அவர் வாயை அடைத்தேன்.

சரி, உன் படங்களுக்கு வருகிறேன். முதல் படத்தில் இருப்பது மரப்பெட்டி, மேலே கண்ணாடி வால்வு வெளியே நிற்கிறது, அடியில் நீல வெளிச்சம். அந்த நீலம் வால்வின் வெளிச்சம் இல்லை மக்கா. வால்வுக்கு அடியில் ஒரு சின்ன விளக்கை வைத்து ஏமாற்றுகிறான். உண்மையான வால்வு எரிவது அடுப்பில் கடைசிக் கங்கு மாதிரி இருக்கும், பகலில் பார்த்தால் தெரியவே தெரியாது. பார்க்க அழகாக இருக்கிறது என்று ஷைனி சொல்லியிருப்பாள், அவள் சொல்வதும் சரிதான், வீட்டில் வைக்கிற சாமான் அழகாக இருக்க வேண்டும். ஆனால் மூடி இல்லாத வால்வு ஊரில் ஓடுகிற ரேடியோ அலை எல்லாவற்றையும் உள்ளே இழுக்கும். நம் செட்டுக்கும் முதலில் மேல்மூடி இல்லாமல் இருந்ததே, ஓர்மை இருக்கிறதா? ஒரு மழைநாள் மத்தியானம், ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன்னால், ஸ்பீக்கரில் ஒரு ஆள் குரல் வந்தது. படகில் வைத்திருக்கிற வயர்லெஸ்தான். பாதி இரைச்சல், பாதி பேச்சு. "கேக்குதா, கேக்குதா" என்பது மட்டும் தெளிவாக விழுந்தது. நீ பயந்து என் சேலையைப் பிடித்தாய். அப்பா மறுநாளே தகரத்தில் மூடி வெட்டிப் போட்டார். குரல் நின்றுவிட்டது. அந்த ஆள் யார், அவனுக்கு யாராவது பதில் சொன்னார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முட்டம் கடற்கரையில் இருந்துகொண்டு அதை மறக்க முடிவதில்லை. குவைத்தில் உன் அடுக்குமாடியில் கடல் இல்லை என்றாலும் நூறு வீட்டு வைஃபை இருக்கிறது. மரப்பெட்டி வேண்டாம்.

இரண்டாவது படத்தில் இருப்பது பெரியது, முன்பக்கம் முழுக்கக் குமிழ். சத்தத்தை மற்றவற்றைவிட ரொம்பத் தூக்கிக் கொடுக்கும் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறான், அதைத்தான் நீ வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறாய். தூக்குவது பெரிய காரியம் இல்லை மக்கா. ப்ரீஆம்ப்ளிஃபயர் எதை வாங்குகிறதோ அதைத்தான் தூக்கும். பாட்டைத் தூக்கும்போது அடியில் கிடக்கிற அழுக்கையும் சேர்த்துத் தூக்கும். எக்ஸ்சேஞ்சில் தூரத்து லைனுக்கு இடையில் பெருக்கிப் போடுவார்கள், ஆள் குரல் பெரிதாகும், கூடவே இரைச்சலும் பெரிதாகும், கடைசியில் பேசுகிறவர் கிணற்றுக்குள் இருந்து கத்துகிற மாதிரி இருக்கும். உன் ஆம்ப்ளிஃபயருக்கே வேண்டிய சக்தி இருக்கிறது. இதையும் மாட்டினால் குமிழை இம்மி திருப்பினாலே வீடு அதிரும், பிறகு மெதுவாகக் கேட்கவே முடியாது. கீழ்வீட்டுக்காரன் போலீஸைக் கூப்பிடுவான்.

இதைச் சொல்லும்போதே எனக்கு அந்த ஸ்கேன் அறை வந்து நிற்கிறது. நாகர்கோவிலில் முதலில் நெஞ்சில் எக்கோ எடுத்தார்கள். பசை தடவி, ஒரு கட்டையை வைத்து அழுத்திக்கொண்டே போனார் அந்தப் பெண். நடுவில் ஒரு பொத்தானை அமுக்கியதும் மெஷினில் இருந்து சத்தம் வந்தது. என் ரத்தம் ஓடுகிற சத்தம். மெஷின் அதைத் தூக்கிக் கொடுக்கிறது. ஒரு தட்டு, பிறகு ஒரு நீண்ட இழுப்பு, மறுபடி தட்டு, மறுபடி இழுப்பு. தட்டு சரி, அந்த இழுப்பு அங்கே வரக் கூடாது என்று எனக்கே தெரிந்தது. "அம்மா, இது போனது திரும்பி வருகிற சத்தமா?" என்று கேட்டேன். அவர் திரையில் இருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். "நீங்க நர்ஸா?" என்றார். இல்லை, டெலிபோன் என்றேன். வெளியே வந்து அப்பாவிடம் டாக்டர் சொன்னதும் அதைத்தான். வால்வில் லீக்கு இருக்கிறது, அதன் வாய் சுருங்கியும் போயிருக்கிறது, மருந்துக்கு மசியாது, மாற்ற வேண்டும். அன்று மத்தியானம்தான் நான் உனக்குப் போன் செய்தது.

எப்படி வந்தது என்று நீ கேட்பாய். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது எனக்கு மூட்டு மூட்டாக வீங்கிக் காய்ச்சல் வந்தது. முட்டில் இருந்து கைக்கு, கையில் இருந்து கணுக்காலுக்கு என்று ஊர்ந்து போய், ஒரு நாள் தானாகவே அடங்கிவிட்டது. அடங்கியாச்சு என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். அது அடங்கவில்லையாம். அந்தக் காய்ச்சல் வால்வைத் தொட்டுவிட்டுப் போய், அது அன்றில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டிப்பட்டுக்கொண்டே வந்திருக்கிறது. நான் வேலைக்குப் போனபோதும், உன்னைப் பெற்றபோதும், உன் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க அருமனைக்கும் நாகர்கோவிலுக்கும் பஸ் ஏறி இறங்கியபோதும் அது உள்ளேதான் இருந்திருக்கிறது.

அப்பாவுக்குச் செட்டில் ஷாக் அடித்த நாள் உனக்கு மறந்திருக்காது. அப்பா சவுதியில் வேலையில் இருந்தபோது ஊருக்குப் போன ஒரு வெள்ளைக்காரன் விட்டுப்போன செட்டு அது, அப்பா அதை முந்திரிப் பருப்பைப் பொதிவது மாதிரி பொதிந்து கொண்டுவந்தார். ஒரு நாள் வலதுபக்கம் சத்தம் குறைகிறது என்று நான் சொல்ல, சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கித் தரையில் போட்டுவிட்டு, மூடியைத் திறந்து கையை விட்டார். அடுத்த நொடி அலமாரியில் போய் விழுந்தார். உடுத்திருந்த சாரம் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். உதடு நீலம். நான் அலறியதில் பக்கத்து வீட்டு அந்தோணியின் அம்மை ஓடி வந்தாள். கண்ணைத் திறந்ததும் அப்பா கேட்டது என்ன தெரியுமா? "ஏட்டி, நான் அணைச்சேன்லா?" அணைத்தார்தான். பிளக் தரையில்தான் கிடந்தது. வால்வு செட்டுக்குள் மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற கெப்பாசிட்டர் உண்டு, அது அணைத்த பிறகும் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும், கை வைக்கிறவனுக்குக் கொடுக்கும். அதன் பிறகு அவர் செட்டைத் திறக்கும்போதெல்லாம் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் திறப்பார், நெஞ்சு வழியாகப் பாயக் கூடாது என்று. கடைக்காரனிடம் இதைக் கட்டாயம் கேள்: அணைத்ததும் உள்ளே இருப்பது தானாக வடிந்துபோக ஏற்பாடு இருக்கிறதா என்று. மழுப்பினால் வாங்காதே. நாளைக்கு உங்கள் வீட்டில் தவழ்கிற பிள்ளை ஒன்று வரும்.

இனி போன வாரத்துக்கு வருகிறேன். அந்தோணி குவைத்தில் இருந்து லீவுக்கு வந்தான். ஷைனியின் ஷாலில் சுற்றிய ஒரு பொதியைக் கொண்டுவந்து என் கையில் தந்தான். பிரித்துப் பார்த்தால் இரண்டு வால்வு, பெட்டியோடு, புத்தம் புதுசு. நீ பேசிப் பதிந்து அனுப்பிய குரலும் போனில் வந்தது. "அம்மா, நீ அன்னைக்கு மாத்தணும்னு சொன்னியே, நான்தான் வேண்டாம்னுட்டேன். பெறகு மனசு கேக்கல்ல. ரெண்டும் ஜோடி பாத்து எடுத்தது. மாத்திட்டு எப்படி இருக்குன்னு சொல்லு." நான் அதைக் கேட்டேன். இன்னொரு தடவை கேட்டேன். அப்பா அந்தக் கண்ணாடி வால்வையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏட்டி," என்றார், "இவன் செட்டுக்க வால்வயில்லா சொல்லியிருக்கான்!"

எனக்குச் சிரிப்பு வந்தது பாரேன். அப்படி ஒரு சிரிப்பு. பெற்ற தாயின் நெஞ்சுக்குப் பிள்ளை ரஷ்ய வால்வு ஜோடியாகக் கொடுத்துவிட்டிருக்கிறான்! இத்தனை நாள் உன்மேல் வைத்திருந்த கோபம் முழுக்க அந்தச் சிரிப்பில் போனது. சிரிக்கச் சிரிக்க மூச்சு குறைந்தது, குறைந்துகொண்டே போய், உள்ளே இழுக்க முடியாமல் ஆனது. சுவரைப் பிடித்தேன். கண்ணில் இருட்டு. அப்பா முதுகைத் தடவுகிறார், "பைய, பைய" என்கிறார், எனக்கு அவர் வாய் அசைவது தெரிகிறது, சத்தம் இல்லை. எப்படியோ திரும்பி வந்தேன். ஷாலில் இருந்த வால்வு மட்டும் உடையாமல் மடியிலேயே கிடந்தது.

மறுநாள் மத்தியானம் அவர் ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உன் வால்வை மாட்டினார். செட்டைப் போட்டு, சூடாகட்டும் என்று காத்திருந்து, பாட்டு வைக்காமல் குமிழை மட்டும் ஏற்றச் சொன்னேன். இதுதான் எந்த ப்ரீஆம்ப்ளிஃபயரையும் வாங்கும்முன் செய்ய வேண்டிய வேலை மக்கா. கடைக்காரன் தனக்குப் பிடித்த பாட்டைப் போட்டு உன்னை மயக்கப் பார்ப்பான், விடாதே. பாட்டை நிறுத்தச் சொல், குமிழை ஏற்றச் சொல், ஸ்பீக்கரில் காதை வை. ஒன்றும் கேட்கக் கூடாது. கேட்டால் அது உன்னோடு வீட்டுக்கு வரும், சாகும்வரை பாட்டுக்கு அடியில் கிடக்கும். நான் காதை வைத்தேன். அந்த முனகல் இருந்தது. மாதக்கணக்காக நான் கேட்ட அதே முனகல், விட்டு விட்டு, இழுத்து இழுத்து. புது வால்வு போட்டும் போகவில்லையே என்று அப்பாவைத் திட்டினேன். அவர் சுவிட்சை அணைத்தார். வால்வில் இருந்த கங்கு மெல்லக் கருத்தது. ஸ்பீக்கர் ஒயரையும் பிடுங்கிவிட்டார். முனகல் நிற்கவில்லை. ஃபேனை நிறுத்தினார். நிற்கவில்லை. ஸ்பீக்கரில் இருந்து காதை எடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தேன், அப்போதும் அது என்னோடேயே வந்தது. தட்டு, இழுப்பு, தட்டு, இழுப்பு. நடுவில் ஒரு தட்டு தப்பியது. செட்டில் ஒரு குறையும் இல்லை மக்கா. அந்த முனகல் ஒருநாளும் செட்டில் இருந்து வந்ததில்லை.

அப்பா என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "போவமா?" என்றார். "போவோம்" என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

திருவனந்தபுரத்தில் பார்த்த டாக்டர் சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும். பழைய ஸ்கேனையும் புதிய ஸ்கேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இத்தரை நாளு எங்க போயிருந்தீங்க அம்மா?" என்று கேட்டார். மகன் ஓடுற வரைக்கும் ஓடட்டும் என்றான் என்று நான் சொல்லவில்லை. அப்பா வாயைத் திறந்தார், காலில் மிதித்தேன். ஓணத்துக்கு வந்திருந்தால் சுளுவாக முடிந்திருக்கும், இப்போது நெஞ்சு வீங்கிவிட்டது, நுரையீரலில் தண்ணீர் கோத்திருக்கிறது, ரிஸ்க் கூடுதல் என்றார். கூடுதல் என்றால் எவ்வளவு என்று அப்பா கேட்டார். அந்தப் பெண் பேனாவை மூடித் திறந்து மூடினார், பிறகு, "செய்யாம இருக்கது அதைவிடக் கூடுதல்" என்றார். வருகிற செவ்வாய்க்கிழமை என்று முடிவாகியிருக்கிறது. நெஞ்சைத் திறந்து, அதைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்துவிட்டு, ஒரு மெஷினில் ரத்தத்தை ஓட்டிக்கொண்டே வால்வை மாற்றுவார்களாம். பிறகு மறுபடி ஓட வைப்பார்களாம். ‘பிறகு’ என்கிற அந்தச் சொல்லைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன்.

அங்கேயும் என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள், கேட்டியா? நீ மூன்று படம் அனுப்பினாய், அவர் இரண்டு காட்டினார். ஒன்று விலங்குத் திசுவில் செய்தது. சத்தம் போடாது, ஆனால் சில வருஷம் போனால் கெட்டுப்போகலாம், மறுபடி திறக்க வேண்டிவரும். இன்னொன்று மெக்கானிக்கல். ஆயுசுக்கும் உழைக்கும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையை மட்டும் ஒரு நாளும் விடக் கூடாது. "ஒரே ஒரு சங்கதி," என்றார், "அது மூடும்போ ஒரு சின்ன சத்தம் வரும். டிக் டிக்னு. கொறச்சு பேருக்குக் கேக்கும்." "இவளுக்கு எறும்பு நடந்தா கேக்கும் டாக்டர்" என்றார் அப்பா. டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வாழ்க்கையில் எனக்கு என்று இருந்த ஒரே சொகம் இரண்டு பாட்டுக்கு நடுவில் இருக்கிற அந்த வெறுமைதான். வேலையில் நாள் முழுக்க இரைச்சலைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அதற்காகத்தான் செட்டின் முன்னால் உட்காருவேன். ஸ்பீக்கரில் ஒரு தூசி சத்தம் இருந்தால்கூட உங்கள் இருவரையும் படாத பாடு படுத்துவேன். இனிமேல் என் நெஞ்சுக்குள்ளேயே ஒன்று கிடந்து டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தால் நான் எங்கே போய் ஒயரைப் பிடுங்குவது?

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். கிடந்தேன் என்பதுகூடப் பொய், படுக்க முடிவதில்லை, படுத்தால் முங்குகிற மாதிரி இருக்கிறது, செட்டின் முன்னால் நாற்காலியில்தான் தூக்கம். கால் வீங்கிக் கொலுசு இறுகிவிட்டது, அப்பா சோப்புப் போட்டுக் கழற்றினார். இதற்கு இடையில் அவர் மாதா கோயிலுக்குப் போய்ப் பங்குச் சாமியாரைக் கூட்டி வந்துவிட்டார். சாமியார் எண்ணெயோடு வந்து, நோயில் பூசுதல் அம்மா, ஆபரேஷனுக்கு முன்னால் எல்லாரும் செய்வதுதான் என்றார். அவருக்கு அது நோயில் பூசுதல். நம் கரையில் அதற்குப் பேர் அவஸ்தை. அவஸ்தை பூசியாச்சு என்றால் சவப்பெட்டிக்குச் சொல்லிவிடலாம் என்று அர்த்தம். "எனக்கு அவஸ்தை பூச நீங்க யாரக் கேட்டுக் கூட்டி வந்தீங்க?" என்று சாமியார் முன்னாலேயே அப்பாவைக் கிழித்துவிட்டேன். அவர் வாசலில் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். தோள் குலுங்குவதைப் பார்த்ததும் சாமியார் பக்கம் திரும்பினேன். நெற்றியையும் கையையும் காட்டினேன். எண்ணெய் சில்லென்று இருந்தது. அந்தோணியின் அம்மை தெருவில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் கரை முழுக்கத் தெரிந்திருக்கும்.

சாமியார் போன பிறகு நான் முடிவு செய்தேன். சத்தம் போடுகிற வால்வு போதும். இன்னொரு தடவை என்னைத் திறக்க வைத்து, உன் அப்பாவை இன்னொரு தடவை அந்த வாசலில் நிற்க வைக்க எனக்கு மனசு இல்லை. அவருக்கு அந்த டிக் கேட்கவே கேட்காது, சவுதியில் ஜெனரேட்டர் அறையில் காதைக் கொடுத்துவிட்டு வந்த மனுஷன். பக்கத்தில் படுத்திருந்தாலும் அது ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று அவருக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். உனக்கு இருப்பது என் காது.

உன் கேள்விக்குப் பதில்: மூன்றாவது. கறுப்புத் தகரப்பெட்டி, ஒரே ஒரு குமிழ், அடையாளம் இல்லாத முகம். எடை அதிகம் என்று நீ குறையாக எழுதியிருக்கிறாய், எடைதான் அதில் நல்லது, உள்ளே டிரான்ஸ்ஃபார்மரில் கஞ்சத்தனம் பண்ணவில்லை என்று அர்த்தம். சாதாரண வால்வு, எந்த ஊரிலும் கிடைக்கும், போனால் மாற்றலாம். போனால் மாற்று, கேட்டியா? ஓடுற வரைக்கும் ஓடட்டும் என்று விடாதே. அது ஒரு பக்கம் முனக ஆரம்பித்த அன்றே மாற்று.

ஆனால் இப்போது வாங்காதே. அது கடையிலேயே இருக்கட்டும். டிக்கெட் போடு. செவ்வாய்க்கு முன்னால் வந்தால் வா, முடியாவிட்டால் பிறகு வா, ஆனால் வா. எனக்குப் பயமாக இருக்கிறது மக்கா. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல? இதை வாசித்ததும் போன் செய், அம்மா என்று அழாதே, அலறாதே. நான் "சொல்லு" என்பேன். என் நெஞ்சில் என்ன, என்றைக்கு ஆபரேஷன், என்ன வால்வு என்று ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல். சரியாகச் சொன்னால்தான் போனை வைப்பேன்.

நீ வரும்போது என்னை எந்த அறையில் போட்டிருப்பார்களோ, மூக்கிலும் வாயிலும் என்னென்ன குழாய் இருக்குமோ தெரியாது. நான் பேசினாலும் பேசாவிட்டாலும் நீ பதறாதே. ஃபேனை நிறுத்தச் சொல். நர்ஸ் மெஷினைக் காட்டி ஏதாவது சொல்லுவாள், அதைப் பார்க்காதே. கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் வந்து குனிந்து காதை வை. ப்ரீஆம்ப்ளிஃபயர் என்றால் அங்கே ஒன்றும் கேட்கக் கூடாது. என்னிடம் கேட்க வேண்டும். கேட்டதும் வெளியே போய் அப்பாவிடம் சொல்.

அம்மா